லூக்கின் வலது தோளருகே வந்தவன்

நான் பிழையாக எழுதிய ஒரு தாளால் ஒரு மனிதர் தன் வேலையை இழந்தார். அது பிழை என்று தெரிந்த பிறகும், திருத்துவதற்கு நேரம் இருந்தபோதும், நான் வாய் திறக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் என்னைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதிவிட்டு அதைச் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

விளையாட்டு அணிகளுக்காகத் தரவுகளைப் பார்க்கும் வேலைக்கு இப்போது நம் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர்கள், சென்னையிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவர்கள். போன மாதம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து, ஒரு வீரருக்கு எப்படி மதிப்புப் போடுவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். சூத்திரங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் இருப்பவை சில சம்பவங்கள் மட்டும்.

நான் புள்ளிவிபரவியல் படித்தவன். ஊரில் கற்பித்தேன். மொன்றியலுக்கு வந்து ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன், பிறகு ஒரு காப்புறுதி நிறுவனத்தில். 2000களின் தொடக்கத்தில் இந்த நகரத்தின் தொழில்முறை ஃபுட்போல் அணி ஒன்று, ஆட்டங்களின் வீடியோப் பதிவுகளைப் பார்த்துக் கணக்கிட ஆள் தேடியது. காலால் உதைக்கும் பந்தல்ல இது. தலைக்கவசம் போட்ட பெரிய மனிதர்கள் முட்டை வடிவப் பந்தை எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம். கனடாவில் சில விதிகள் வேறு. நேர்முகத்தில், இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அது நல்லது," என்றார் மேலாளர். "பாத்த ஆக்களுக்கு எல்லாம் ஒரு பிடிச்ச ஆள் இருக்கும். உமக்கு இராது."

அங்கே பேசப்பட்டது ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். ஆனால் என் நினைவில் எல்லாரும் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

முதல் கோடையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. பந்தைப் பிடிக்க ஓடும் வீரர் ஒருவருக்கு நான் அணியிலேயே மிகக் குறைந்த புள்ளி கொடுத்திருந்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் பந்தே வராத மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தார். முன்வரிசை வீரர்களின் கோச் என் தாளை எடுத்து வாசித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லூசியானாக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். தன் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"மாஸ்டர், அவன் அங்க ஓடினாத்தான் எதிராளி ரெண்டு பேர் அவனுக்குப் பின்னால போவாங்கள். மற்றவன் பந்தைப் பிடிப்பான். அவன்ர வேலையே அதுதான். நீங்க அவனைப் பந்து பிடிக்கேல்லை எண்டு பெயிலாக்கி வச்சிருக்கிறியள்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேக்கிறது. வாய் இருக்குத்தானே. படத்தில அவன் என்ன செய்தான் எண்டுதான் தெரியும். என்ன செய்யச் சொல்லி அனுப்பினது எண்டு தெரியாது. அதைக் கேட்டுப்போட்டு நம்பரைப் போடுங்கோ."

அதன்பிறகு இரண்டு பருவங்கள் கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். மூன்றாவது பருவத்தில் வேலை கூடியது, என் கணிப்புகள் சிலவும் பலித்தன. கேட்பது குறைந்தது. இப்படித்தான் நடக்கும். தவறான கணிப்பு உங்களைக் கெடுக்காது. தொடர்ந்து நான்கு சரியான கணிப்புகள் கெடுத்துவிடும்.

இன்னொன்று. பயிற்சி முகாமில் ஆட்களைக் குறைக்கும் காலைகளில், அணியிலிருந்து ஒருவர் போய் அறைக் கதவைத் தட்டி, "கோச் வரச் சொன்னார், ஆட்டப் புத்தகத்தையும் கொண்டு வாரும்" என்று சொல்வது வழக்கம். புத்தகத்தைக் கேட்டால் கதை முடிந்தது. ஒரு காலை அந்த வேலை எனக்கு வந்தது. உள்ளே இருந்த இளைஞன் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, "நான் இஞ்ச இல்லை!" என்று கத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு பக்கம் சவர நுரை, மறுபக்கம் கண்ணீர். என் தாளில் அவன் வெறும் ஒரு தசம எண். கதவைத் தட்டுகிறவனும் புள்ளி போடுகிறவனும் ஒரே ஆளாக இருப்பது நல்லது என்று அன்று நினைத்தேன். அடுத்த ஆண்டு அந்த வேலையை வேறொருவரிடம் தள்ளிவிட்டேன்.

இனி லூக். அது அவருடைய உண்மைப் பெயரல்ல.

ஃபுட்போலில் பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அணியின் கண்மணி அவர். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் சுவர்போல நிற்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் கார்ட். லூக் இடப்பக்கக் கார்ட். இந்த நகரத்து ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர், முப்பத்துமூன்று வயது, எட்டாவது பருவம். இந்த ஐவருக்கும் சொந்தமாக எண்ணிக்கை எதுவும் கிடையாது. அவர்கள் பந்தைப் பிடிப்பதில்லை, எறிவதில்லை. யாராவது அவர்களைத் தாண்டி வந்து குவார்ட்டர்பேக்கை விழுத்தினால் மட்டும் பெயர் வெளியே வரும். அவர்களுக்கும் ஒரு எண் கண்டுபிடித்ததுதான் என் பெருமை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிராளி யாருடைய தோளருகே புகுந்தான் என்று பார்த்து, அவர் கணக்கில் எழுதினேன்.

அந்த ஆண்டு லூக்கின் வலது தோளருகே, அதாவது அவருக்கும் சென்டருக்கும் இடையில், அடிக்கடி ஆள் புகுந்தான். பருவத்தின் முடிவில் அப்படிப் புகுந்த ஒருவன் எங்கள் குவார்ட்டர்பேக்கின் முழங்காலை முறித்துவிட்டான். அடுத்த நாள் பத்திரிகையில் படம்: குவார்ட்டர்பேக் கீழே கிடக்கிறார், லூக் பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கிறார். அந்தப் படத்தில் குற்றவாளி யார் என்று எவரும் கேட்கவில்லை. வானொலியில் கேட்கவில்லை, மெட்ரோவில் கேட்கவில்லை. என் தாளும் அதையேதான் சொன்னது.

குளிர்காலத்தில் கோச்சுகள் எல்லாரும் மாற்றப்பட்டார்கள். லூசியானாக்காரரும் மேற்கே வேறோர் அணிக்குப் போய்விட்டார். சம்பளங்களுக்குக் கண்டிப்பான உச்சவரம்பும் வரப்போகிறது என்று கதை. இதோடு இன்னொரு சிக்கல் எங்கள் ஆட்டத்துக்கே உரியது: களத்தில் இறங்குகிறவர்களில் இத்தனை பேர் கனடியராக இருக்க வேண்டும் என்று விதி. ஆகவே முன்வரிசையைக் கனடியர்களால் நிரப்பிவிட்டு, வேகம் தேவைப்படும் இடங்களுக்கு அமெரிக்கர்களை எடுப்பது எல்லா அணிகளுக்கும் வழக்கம். லூக் கனடியர். அவருக்கு அடுத்து நின்ற இருபத்துமூன்று வயதுச் சென்டரும் கனடியன், முதல் ஆண்டுக்காரன். லூக்கை வைத்திருப்பதா, அவருடைய இடத்துக்கு மலிவான இன்னொரு கனடிய இளைஞனைப் போட்டு மிச்சத்தில் பின்வரிசைக்கு ஒரு நல்ல அமெரிக்கரை எடுப்பதா என்பதுதான் கேள்வி.

அதைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, புதுக் கோச்சுகளுக்குக் காட்டுவதற்காகப் பழைய பதிவுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். லூக்கின் கை கண்ணில் பட்டது. பந்து அசைவதற்கு முன் அவர் ஒரு எதிராளியைச் சுட்டிக் காட்டுகிறார், சென்டரைப் பார்த்து. அடுத்த பதிவிலும் சுட்டுகிறார். அதற்கடுத்ததிலும். சுட்டிய அதே ஆள்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே புகுகிறான். குவார்ட்டர்பேக் விழுந்த ஆட்டத்திலும் அப்படியே.

லூசியானாக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓம், அந்த ஆட்டத் திட்டத்தில அந்த ஆள் சென்டரின்ர பொறுப்பு," என்றார். "பெடியன் மற்றப் பக்கம் திரும்பிப் போடுவான். லூக்குக்குத் தன்ர ஆளையும் பிடிக்கவேணும், அவன்ர ஆளுக்கும் பாயவேணும். ரெண்டாவதுக்கு எப்பவும் பிந்தும். ஏன் கேக்கிறியள்? அதை லூக்கின்ர கணக்கில எழுதிப்போட்டியளோ?"

"சும்மா கேட்டனான்," என்றேன்.

"மாஸ்டர்," என்றார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டார்.

திருத்துவதென்றால் லூக்கின் தாளை மட்டும் திருத்த முடியாது. அந்த ஐவருக்கும் அந்த ஆண்டு நான் போட்ட எல்லா எண்களும் செல்லாது என்று சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்புதான் உரிமையாளர்களின் முன்னால் அந்த முறையைத் திரை போட்டு விளக்கியிருந்தேன். "இந்த மனுசன்ர தாளில அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை" என்று மேலாளர் என் தோளில் தட்டியிருந்தார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சலவை அறையில் தொடங்கியவன், ஒரு மேசையில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக் காத்திருப்பதை அந்த வயதில்தான் முதன்முதலில் கண்டேன். அதை இழக்க மனம் வரவில்லை. லூக்குக்கு எப்படியும் வயது போய்விட்டது, என் தாள் இல்லாவிட்டாலும் அனுப்பத்தான் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்தில் புதுத் தலைமைக் கோச் சொன்னார்: "முப்பத்துமூண்டு வயசு. கால் தளர்ந்துபோச்சுது. படத்தில தெரியுதே."

மேலாளர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நாளும் காயம் எண்டு படுக்காத மனுசன். களத்தில நிக்கக்கூடிய கனடியன் கடையில விக்கிற சாமான் இல்லை, தெரியும்தானே." பிறகு என்னைப் பார்த்தார். "உம்மட தாள் சரிதானே?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி எனக்காக விடப்பட்டது.

"ஓம், சரி," என்றேன்.

லூக்குக்குக் கதவைத் தட்டிச் சொல்லவும் இல்லை. குளிர்காலம் என்பதால் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான்.

கோடையில் புது இளைஞன் லூக்கின் இடத்தில் நின்றான். வேகமானவன், கால்கள் நல்லவை. அவனுடைய வலது தோளருகேயும் எதிராளி அதே வழியில் புகுந்தான். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு மேலாளரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் அவரை வச்சிருக்கத்தான் யோசிச்சனான்," என்றார். "ஒரு ஆள் 'கொஞ்சம் பொறுங்கோ' எண்டு சொன்னாப் போதும் எண்டு இருந்தனான். அதுக்குத்தான் உம்மைக் கேட்டது."

இதைத்தான் உங்களுக்கு எழுத விரும்பினேன். எப்படியும் நடக்கத்தான் போகிறது என்று நாம் நினைக்கும் விஷயங்கள், பல நேரங்களில், நம் ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருப்பவை.

இடமும் சம்பளமும் நிரம்பிவிட்டன, இனி அவரைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். மற்ற அணிகளுக்கு நானே தொலைபேசி எடுக்க அனுமதி கேட்டேன். எடுத்தேன். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "குவார்ட்டர்பேக்கின்ர காலை முறிக்க விட்ட ஆள்தானே? எங்கட குவார்ட்டர்பேக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" சின்ன உலகம் இது. ஒரு படம் எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. திருத்தம் போவதில்லை.

என் மனைவி மன்னார்க் கத்தோலிக்கப் பெண். மூன்று ஞாயிறாக நான் பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ரொக்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் கேட்டாள். சொன்னேன்.

"பாவசங்கீர்த்தனம் செய்யப் போறியளோ?"

"யோசிக்கிறன்."

"சாமியாருக்குச் சொல்லுங்கோ, நல்லது. ஆனா சாமியாரின்ர வேலையை நீங்க பறிக்கேல்லையே. அந்தாள் எங்க இருக்கிறார்?"

"புரோசார்டில. ஆத்துக்கு அங்கால."

"பாலம் திறந்துதானே கிடக்கு," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் போனேன். லூக் மைத்துனரோடு கூரை போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கழுத்தும் கைகளும் கறுத்திருந்தன. கதவைத் திறந்து, என்னை அடையாளம் கண்டு, "அட, கணக்கு வாத்தியார்" என்றார். அதில் பகிடியும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. அவர் மனைவி இசபெல் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன்.

லூக் முடியும்வரை கேட்டார். "அது ஆரின்ர ஆள் எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"பெடியன் முதல் வருசம். நான் வாயைத் திறந்தால் அவனை அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பினம். போகப்போகப் பழகுவான் எண்டு பொறுத்தன். எனக்கும் அப்பிடி ஒருத்தர் பொறுத்தவர்." கோப்பியைத் தள்ளி வைத்தார். "நீங்களும் வாயை மூடினியள், நானும் மூடினன். ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டு இஞ்ச வரவேண்டாம்."

"நினைக்கேல்லை."

"சரி."

பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார், எழுதினால் பழி பெடியன்மேல் போகும், அவன் இப்போதுதான் நிமிர்கிறான். நான் அணியிலிருந்து வெட்டிக்கொண்டு போயிருந்த பதிவு என் பையில் ஒரு டிவிடித் தட்டில் இருந்தது. பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. இசபெல் கையை நீட்டி வாங்கித் தொலைக்காட்சியில் போட்டாள்.

ஏழு துண்டுகள். ஒவ்வொன்றிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினேன். அந்தக் கை சுட்டுவதை, சென்டர் மறுபக்கம் திரும்புவதை, லூக் தன் ஆளை விட்டு அடுத்தவனுக்குப் பாய்வதை. கடைசியில் குவார்ட்டர்பேக் விழுந்தார். இசபெல் அதை நிறுத்திவிட்டு, என்னிடம் இல்லை, கணவரிடம் திரும்பினாள்.

"நான் ரெண்டு தரம் கேட்டனான். நீ உன்ர பிழை எண்டு சொன்னாய்."

லூக் திரையில் நின்ற படத்தையே பார்த்தார்.

"என்ர அப்பா அண்டையில இருந்து உன்னோட கதைக்கிறேல்லை. உன்ர மகளின்ர பிறந்தநாளுக்கு வந்து வாசலோட நிண்டுட்டுப் போனார். அந்தக் குவார்ட்டர்பேக்கை அவர் சொந்தப் பிள்ளை மாதிரி வச்சிருந்தவர். நான் அவருக்கும் உனக்கும் நடுவில நிண்டு... எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"உனக்குச் சொன்னால் நீ கொப்பருக்குச் சொல்லுவாய்," என்றார் லூக்.

"ஓம், சொல்லுவன்!"

அவள் குசினிக்குள் போய்விட்டாள். ஒரு அலுமாரிக் கதவு பெரிய சத்தத்தோடு சாத்துப்பட்டது. லூக் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கை கொடுக்கவில்லை, நானும் நீட்டவில்லை. படியில் இறங்கும்போது இசபெல் பின்னால் வந்து, அந்தத் தட்டு தனக்கு வேண்டும் என்றாள்.

"வேண்டாம், இசபெல்," என்றார் லூக். "அதில பெடியன் இருக்கிறான்."

அவள் அவரைப் பார்க்காமல் என்னிடம் கையை நீட்டியபடியே நின்றாள். அணியின் பதிவுகள் வெளியே போகக்கூடாது என்பது விதி. இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது சரி என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. "வீட்டுக்குள்ள மட்டும்," என்று சொல்லிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் அதையும் சொன்னேன். எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது, நியாயமானதுதான். அந்தப் பருவம் முடிய விலகினேன். போகுமுன் அந்த ஆண்டின் முன்வரிசைத் தாள்கள் எல்லாவற்றிலும், இந்த எண்கள் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று கேட்காமல் போடப்பட்டவை, நம்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். லூக் மறுபடி எந்த அணிக்கும் ஆடவில்லை. சென்டர் நன்றாக வந்தான், பல ஆண்டுகள் ஆடினான். அவனுக்கு இதில் எதுவும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

மார்கழியில் ஒருநாள் இசபெல் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா இஞ்ச வந்து அந்தத் தட்டை மூண்டு தரம் போட்டுப் பாத்தார்," என்றாள். "ஒண்டும் சொல்லேல்லை. இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்து, தன்ர கதிரையை இழுத்துக்கொண்டு போய் லூக்கின்ர பக்கத்தில இருந்தார். ரெண்டு பேரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஆனா ரெண்டாம் தரம் இறைச்சியை அப்பாதான் அவருக்குப் போட்டவர்."

"நல்லது," என்றேன்.

"லூக்குக்கு இன்னும் உங்களில கோபம்தான்," என்றாள். "அதையும் சொல்லச் சொன்னவர்."

"சொன்னதுக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ," என்றேன்.